ராக்கி சும்மா இருந்த நாட்கள்

போன வாரம் எங்கள் பத்திரிகையின் நூலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நூலகம் என்றால் இப்போது ஒரு கம்ப்யூட்டரும் ஒரு நாற்காலியும்தான். "மேடம், இன்டர்நெட் இல்லாத காலத்துல 'இந்த நாளில்' பெட்டியை எப்படிப் போட்டீங்க? ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷம் பார்த்த வேலையை இரண்டு நிமிஷத்தில் ஒப்பிக்க நான் என்ன ஸ்டேஷன் ஒலிபெருக்கியா? அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. பிறகு மனசு கேட்கவில்லை. சரி, எழுதியே கொடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த யாராவது படித்துச் சொல்லட்டும். ஆனால் அப்படி ஒருவர் படித்துச் சொன்னதில்தான் ஒரு தடவை ஊரே கூடி அழுதது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ராணுவ டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்தார். டிப்போ வேலையில் ஒரு கட்டளை உண்டு. பதிவேட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. அன்றைக்கு ஒரு சாமானும் வரவில்லை, போகவில்லை என்றால் 'NIL' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலியாக விட்டால் பிறகு யாரோ எதையோ எழுதிக்கொள்வார்கள் என்று பயம். அந்த வார்த்தை எங்கள் லைன் வீடுகளுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. சர்க்கரை தீர்ந்துபோனால் அம்மா, "சர்க்கரை நில்" என்பாள். பரீட்சையில் நான் கோட்டை விட்டால், "இவளுக்கு மூளை நில்" என்பாள். அது இங்கிலீஷ் என்று எனக்குப் பத்து வயசு வரைக்கும் தெரியாது.

டைப்பிங் படித்தேன். நூலக சர்டிபிகேட் ஒன்று வாங்கினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புனேயின் கேம்ப் பகுதியில் இருந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகை அலுவலகத்தில் கத்தரிக்கோலும் கோந்துமாக உட்கார்ந்தேன். செய்திகளை வெட்டு, தேதி போடு, உறையில் போடு. லோக்கல் ரயிலில் வா, ஷேர் ஆட்டோவில் தொங்கு, மறுபடி வெட்டு. இரண்டு வருஷம் இப்படியே போனது. பயிற்சி என்றால் அவ்வளவுதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது மிஸ்திரி சாரைப் பற்றி. எங்கள் சிறப்புப் பக்கங்களின் ஆசிரியர். பார்சிக்காரர். பெயர்தான் மிஸ்திரி என்று பார்த்தால், ஆளும் நம் ஊர் மேஸ்திரி மாதிரியே ஒவ்வொரு செங்கலாகத் தட்டிப் பார்க்கிறவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, சாஸரில் ஊற்றிக் குடிக்கும் டீ, காதில் ஒரு சிவப்புப் பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிடிக்காத எதையாவது நீட்டினால் பென்சிலை எடுத்து மேசையில் ஸ்கேலுக்குப் பக்கத்தில் நேராக வைப்பார். பிறகு என்னைப் பார்த்து, "டீக்ரி, கோன் போலா?" என்பார். டீக்ரி என்றால் அவர்கள் பாஷையில் மகளே. யார் சொன்னது என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் மேசைப் பக்கம் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய முறை இதுதான். ஒரு தேதிக்கு ஓர் அட்டை. நடுவில் நடந்த விஷயம் ஒரே வரியில். இடது மூலையில் ஒரு சான்று, வலது மூலையில் இன்னொரு சான்று. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது. கச்சேரி நடத்தியவர் சொன்னதை ஒரு நிருபர் எழுதி, அதைப் பார்த்து இன்னொரு பத்திரிகையும் எழுதியிருந்தால் நமக்கு அது மூன்று சான்று மாதிரித் தெரியும். மிஸ்திரி சாருக்கு அது ஒன்றுதான். "மூணு பேப்பர், ஒரு வாய்" என்று திருப்பித் தள்ளிவிடுவார். இரண்டு மூலையும் நிறைந்த அட்டையில்தான் சிவப்பு டிக் விழும். டிக் இல்லாத அட்டை அச்சுக்குப் போகாது.

ராக்கி பெட்டியை ஆரம்பித்தவரும் அவர்தான். ராக்கி எங்கள் லைனில் இரண்டு வீடு தள்ளி இருந்த ஆரோக்கியசாமி அண்ணன்தான். அவர் கிடார் வாசித்த பேண்டில் மற்றவர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. முன்னாலும் பின்னாலும் வெட்டியதில் மிஞ்சியது ராக்கி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புனேயில் ராக் இசை என்றால் ராக்கியின் கிடாரும் விலாஸின் டிரம்ஸும்தான். கல்லூரி விழா எதுவும் அவர்கள் இல்லாமல் நடக்காது. பிறகு ஒரு கேசட் அட்டையில் விலாஸின் பெயர் விடுபட்டுப் போனது. அச்சகத்தின் தப்பு. "ஸாரி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ராக்கி அண்ணன் சொல்லவில்லை. விலாஸ் பேச்சை நிறுத்தினார், பேண்டும் நின்றது. பதினோரு வருஷம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் மிஸ்திரி சார் என்னைக் கூப்பிட்டு, ஒரு வருஷம் முழுக்க, தினமும், இந்தத் தேதியில் ராக்கியின் இசை வாழ்க்கையில் என்ன நடந்தது என்று ஒரு பெட்டி போடலாம் என்றார். முதல் மேடை, முதல் பதிவு, கிடார் திருடு போன நாள், எல்லாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் லைன் ஆள் பேப்பரில் தினமும்! அந்த வாரமே ராக்கி அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பிலோமினா அண்ணியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். நுழைவுச் சீட்டு, விழா அழைப்பு, கேசட் உறை, ரசிகர் கடிதம் என்று அண்ணி ஒன்றைக்கூட எறியாமல் வைத்திருந்தாள்.

சான்று தேடும்போதுதான் ராக்கி அண்ணனின் வண்டவாளம் தெரிந்தது. ஒரு ஏப்ரல் தேதியைச் சொல்லி, "அன்னிக்கு இன்னா மழை தெரியுமா வசந்தா! கரண்ட் ஷாக் அடிக்குது, நான் உடலயே, வாசிச்சிகினே இருக்கேன், ஜனம் ஓன்னு கத்துது" என்றார். புனேயில் ஏப்ரலில் அப்படி ஒரு மழை எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம். டிரங்குப் பெட்டியில் அந்த வருஷத்து மாதா கோயில் காலண்டர் கிடைத்தது. பார்த்தேன். "அண்ணா, அன்னிக்குப் பெரிய வெள்ளி. பெரிய வெள்ளில உங்கம்மா உன்ன கிடாரைத் தொட உட்டிருக்குமா?" என்றேன். அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அரே, ஒரு நாள் முன்ன பின்ன இருக்கும், அதுக்கு ஏன் போலீஸ் மாதிரி பேசற" என்று அண்ணன் எழுந்து போய்விட்டார். அந்த மழை அட்டைக்கு டிக் கிடைக்கவே இல்லை.

இப்படிச் சலித்ததில் பாதித் தேதிகள் காலி. நான் எனக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதில் தமிழில்தான் எழுதுவேன். மேசையைக் குடைகிறவர்களுக்குப் புரியக் கூடாது என்பதும் ஒரு காரணம். பழக்கதோஷம், காலித் தேதிகளுக்கு நேரே 'ராக்கி – நில்', 'ராக்கி – நில்' என்று எழுதிவைத்தேன். மிஸ்திரி சாரிடம் கையைப் பிசைந்துகொண்டு போய் நின்றேன். அவர் டீயை உறிஞ்சி முடித்துவிட்டு, "உண்மையைப் போடு" என்றார். 'நாங்கள் அறிந்தவரை இந்த நாளில் ராக்கி ஒன்றும் செய்யவில்லை' என்று அச்சிட்டோம். ஊர் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது! முதல் மேடை, முதல் பதிவு வந்த நாட்களைவிட அந்த வரி வந்த நாட்களில்தான் வாசகர் கடிதம் அதிகம் வந்தது. கேம்ப் மார்க்கெட்டில் காய்காரர்கள்கூட, "க்யா ராக்கி பாய், இன்னைக்கும் சும்மாவா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ராக்கி அண்ணனுக்கு முதலில் மானம் போய்விட்டது. அலுவலகத்துக்கே வந்து என் மேசையைத் தட்டி, "நான் சும்மா இருந்தேன்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போடறியா நீ?" என்று கத்தினார். நானும் விடவில்லை. "சும்மாதானே இருந்தே? வேணும்னா சான்று கொண்டா, ரெண்டு" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது அடுத்த வாரத்துப் பெட்டியில் என்ன வரும் என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அந்த வரியைச் செல்போனில் காலை ஏழு மணிக்கு மெசேஜாக அனுப்பும் ஏற்பாடு வந்தது. ஊரின் கிழக்குக் கோடியில், கராடியில் ஒரு கம்பெனி அனுப்பியது. அங்கே பொறுப்பில் இருந்தவன் கார்த்திக். கோயமுத்தூரிலிருந்து வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. முதல் நாளே என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, நீங்க தமிழுங்களா?" என்றான். அன்றிலிருந்து நான் அக்கா. அவனுடைய தமிழ் சுத்தமாக இருக்கும். என்னுடையதில் பாதி இந்தி என்று அவனுக்குச் சிரிப்பு. "அக்கா, நீங்க பேசறது எனக்கு முக்கால்வாசி புரியுதுங்க" என்பான். அந்தக் கால்வாசியில்தான் வினை இருந்தது.

எட்டு மாசம் ஒரு நாள்கூட விடாமல் ஓடியது. அப்போதுதான் ராக்கி அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. கேம்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று அடைப்பு, உடனே பைபாஸ் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். பேப்பரிலும் செய்தி வந்தது. ஊருக்கே தெரியும். ஆனால் ஒப்புதல் படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். பிலோமினா அண்ணி அழுது பார்த்தாள், ஃபாதரைக் கூட்டிவந்து பார்த்தாள். மசியவில்லை. அண்ணி எனக்குப் போன் செய்து, "நீ வந்து திட்டு வசந்தா. உன் திட்டுக்குத்தான் அது பயப்படும்" என்றாள். நான் இரண்டு நாள் லீவு போட்டு, அந்த நாட்களுக்கான வரிகளை அடித்துக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இரண்டு நாளும் கெஞ்சினேன், மிரட்டினேன். "யாருக்காக வசந்தா?" என்று கேட்டார். "கை நடுங்குது. பேண்டு இல்ல. கூட வாசிக்க ஆள் இல்ல. நெஞ்சைக் கிழிச்சித் தெச்சி உட்டா, வீட்ல உக்காந்து இன்னா பண்ணுவேன்? நீ தெனம் பேப்பர்ல போடறியே, அதான் பண்ணுவேன்." அந்த வார்த்தை என்னைச் சுட்டது. நான் விளையாட்டாகப் போட்டதை அவர் உள்ளே எங்கேயோ வாங்கி வைத்திருக்கிறார். டாக்டர் வந்து, நாளை மதியத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் நாளை மறுநாளுக்கு ஒதுக்கியிருக்கும் நேரம் வேறொருவருக்குப் போய்விடும், அடுத்தது இரண்டு வாரம் கழித்துத்தான், அதுவரைக்கும் இவர் தாங்குவார் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டும் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்! "உன் இஷ்டம். போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போகிற வழியில் வெளியே இருந்த பூத்திலிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மிஸ்திரி சார் மேசையில் இல்லை. எடுத்த ஆபரேட்டரிடம், நாளைக்கும் வர மாட்டேன், நாளைக்கான ராக்கி வரி என் டிராயரில் இருக்கும் நோட்டில் இருக்கிறது, பார்த்துப் போடச் சொல் என்றேன். நோட்டு தமிழில் இருக்கிறது என்பது அந்த ஆத்திரத்தில் என் நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை தேஹு ரோடு ஸ்டேஷனில் லோக்கலுக்காக நிற்கிறேன். ராக்கி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் கிளம்பியிருந்தேன். எங்கள் பழைய லைன்காரர் ஒருவர் கண் கலங்க வந்து, "இன்னாம்மா வசந்தா, ராக்கி போயிட்டானாமே" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். செல்போனைக் காட்டினார். "ஏழு மணி மெசேஜ் வரல. பேப்பர்லயும் பொட்டி இல்ல. எட்டு மாசத்துல ஒரு நாள் நின்னுதா? ஆஸ்பத்திரில வேற கெடந்தான். எல்லாரும் சொல்றாங்க." பிளாட்பாரத்திலேயே பேப்பர் வாங்கிப் பிரித்தேன். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் இருந்தது.

சும்மா இருந்த நாளுக்கே ஒரு வரி போட வைத்த மனுஷர் மிஸ்திரி சார். காரணமில்லாமல் அவர் பெட்டியை எடுக்க மாட்டார். சான்று இல்லாமல் எடுக்கவே மாட்டார். பிளாட்பாரத்து பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போன் போட்டேன், நாலு தடவையும் லைன் பிஸி. ஊரே அங்கே போட்டுக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அலுவலகத்துக்குப் போட்டேன். மிஸ்திரி சாரே எடுத்தார். அவ்வளவு காலையில் அவர் வந்திருந்ததே எனக்குப் பகீரென்றது. "சார், ராக்கி..." என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. "தெரியும், டீக்ரி. நாளைய பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் அச்சுக்குப் போகும். நீ அவர் வீட்டாரோடு இரு" என்றார். ரயில் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு ஓடி ஏறினேன்.

அந்த முக்கால் மணி நேரப் பயணத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. போய்ச் சேரு என்று சொன்னேனே, என் வாயில் புண் வைக்க! சின்ன வயசில் நான் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் பெயர்ந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனுஷரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுவா? பெண்கள் பெட்டியில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். நரைத்த ஜடை போட்ட ஆண்கள், ஆபீஸ் பையோடு வந்த பெண்கள், பள்ளிக்கூட பேண்ட் வாத்தியார்கள். ஒருவர் கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் நின்றார். நடுவில் ரோஜாவும் சாமந்தியும் கட்டின ஆளுயர மாலையோடு விலாஸ் நின்றுகொண்டிருந்தார். காவலாளி அவரை உள்ளே விடவில்லை. என்னைக் கண்டதும், "வசந்தா தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். மராத்தியில் அக்காவுக்குத் தாயி என்பார்கள். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம் முன்னால் வந்தது. "இப்ப வந்தீங்களா? பதினோரு வருஷம் எங்கே போனீங்க?" என்று கேட்டுவிட்டு, அவரை மாலையோடு இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

வார்டுக் கதவைத் தள்ளினேன். ராக்கி அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உப்புமா தின்றுகொண்டிருந்தார். "இதுல உப்பும் இல்ல, மாவும் இல்ல, இன்னாத்துக்கு இதுக்கு உப்புமான்னு பேரு" என்று அண்ணியிடம் சண்டை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னையறியாமல் ஓவென்று அழுதுவிட்டேன். அடுத்த கட்டில்காரர்கூட எழுந்து பார்த்தார். அண்ணி ஓடிவந்து, "இன்னாடி ஆச்சு? வூட்ல யாருக்காச்சும் ஒண்ணா?" என்று என் தலையைத் தடவுகிறாள். கையை மட்டும் நீட்டி அண்ணனைக் காட்டினேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். விலாஸ் மாலையோடு வாசலில் மலைத்துப்போய் நின்றார். "தூ... தூ ஜிவந்த் ஆஹேஸ்?" என்றார். நீ உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிறார். உப்புமா ஸ்பூனை அண்ணன் மெல்லக் கீழே வைத்தார்.

"வாடா. பதினோரு வருஷமா ஒரு போன் இல்ல, ஒரு கார்டு இல்ல. நான் செத்தாத்தான் வருவியா?" என்று இந்தியில் கேட்டார்.

"நீ கேசட்ல என் பேரைப் போட்டியா?" என்றார் விலாஸ், கண்ணீரைத் துடைக்காமல்.

"அது அச்சுக்காரன் தப்பு."

"தெரியும். ஸாரி சொன்னியா நீ?"

அண்ணன் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ பெருசா கட்டிக்கினு வந்திருக்கான் பாரு பிலோ" என்றார் தமிழில். அப்புறம் விலாஸிடம் திரும்பி, "ஸாரி" என்றார். எனக்குத் தெரிந்து அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. விலாஸ் மாலையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அவர் தோளில் இரண்டு அடி போட்டார். நர்ஸ் ஓடிவந்து, நெஞ்சுக் கேஸ் ஐயா, அடிக்காதீர்கள் என்று சத்தம் போட்டாள். அண்ணன் நர்ஸைப் பார்த்து, "அந்த ஃபாரத்தைக் கொண்டாம்மா. இவன் காசு போட்டுக் கட்டின மாலை வீணாப் போவணும்" என்றார். கையெழுத்துக் கோணலாக விழுந்தது. அண்ணி அந்தக் காகிதத்தை நர்ஸிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினாள்.

அப்போதுதான் எனக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகும் பக்கம் ஞாபகம் வந்தது. கீழே ஓடி, பூத்தில் நின்றவரைத் தள்ளிவிட்டு நம்பரைச் சுழற்றினேன். "சார், ராக்கி உயிரோட இருக்கார்!" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, "கோன் போலா?" என்றார். "நான் பார்த்தேன் சார். விலாஸும் பார்த்தார். ரெண்டு சான்று, ரெண்டும் வேற வேற வாய்." அவர் நாற்காலியில் சாயும் சத்தம் கேட்டது. "அப்புறம் ஏன் நிறுத்தச் சொல்லி எழுதினாய்?" என்று கேட்டார். நான் எங்கே எழுதினேன் என்று அவரிடமே பாய்ந்தேன். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நோட்டைத் திறந்தால் தமிழ். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தத் தேதிக்கான வரியை மட்டும் ஃபேக்ஸில் கராடிக்கு அனுப்பியிருக்கிறார். கார்த்திக் படித்துவிட்டு, "ராக்கி, ஸ்டாப் என்று போட்டிருக்கிறது சார்" என்றிருக்கிறான். ஆஸ்பத்திரியில் கூடவே இருப்பவள் நிறுத்தச் சொன்னால் சும்மா சொல்ல மாட்டாள் என்று மிஸ்திரி சார் நிறுத்தியிருக்கிறார். பொழுது விடிந்ததும் துக்கம் விசாரித்து நாற்பது போன். அதற்குமேல் என் அழுகை. அவருக்குச் சான்று நான், எனக்குச் சான்று அவர்.

டிப்போ, காலிக் கட்டம், அம்மாவின் சர்க்கரை எல்லாவற்றையும் பூத்தில் நின்றே அவருக்கு விளக்கினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். மிஸ்திரி சார் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நாற்பது போன், ஒரு வாய். நானே மாட்டிக்கொண்டேன், டீக்ரி" என்றார். எழுதி வைத்திருந்த இரங்கலைக் கிழிக்கும் சத்தத்தை எனக்குக் கேட்கிற மாதிரி போனுக்குப் பக்கத்தில் வைத்துக் கிழித்தார். மறுநாள் பெட்டியில், 'நேற்று இந்த இடத்தில் எங்கள் பிழையால் ஒன்றும் வரவில்லை. ராக்கி நேற்றுக் காலை உப்புமா சாப்பிட்டார், உப்பு போதவில்லை என்றார்' என்று அவரே எழுதிப் போட்டார்.

அன்று சாயங்காலம் கார்த்திக் கராடியிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். முகம் வெளிறிப்போயிருந்தது. "அக்கா, எங்கூர்ல நில்லுன்னா நிக்கிறதுதானுங்க. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னுதானுங்க எழுதுவோம்" என்று மன்றாடினான். பாவம், அவன் மேல் என்ன தப்பு? அவனுடைய தமிழ்தான் தமிழ். அவனைக் கான்டீனுக்குக் கூட்டிப்போய் வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்குப் பிறகு நோட்டில் அந்த வார்த்தையை நான் எழுதவில்லை.

மறுநாள் காலை ஆபரேஷன். வெளியே பெஞ்சில் அண்ணி, நான், விலாஸ். மிஸ்திரி சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து எங்களோடு உட்கார்ந்தார். ஐந்து மணி நேரம். அண்ணி ஜெபமாலையை உருட்டினாள். விலாஸ் விரலால் பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்தார், நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்து, நல்லபடியாக முடிந்தது என்றபோது அண்ணி என் மேல் சாய்ந்துவிட்டாள். எனக்கு அப்படி ஒரு பசி எடுத்தது. இரண்டு நாளாக நான் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் அண்ணனைப் பார்க்க ஒரே ஒருவரை விட்டார்கள். அண்ணி என்னைத்தான் போகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்க நான் வார்த்தைகளைத் தேடிக்கொண்டு போனேன். உடம்பெல்லாம் குழாய். கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆனது.

"அவன் போயிட்டானா?" என்று கேட்டார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"விலாஸா? போவலண்ணா. வெளில பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு, மூணு நாளா."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"இருக்கட்டும்" என்றார்.